முப்பத்தொன்றாம் கட்டடம்

பீங்கான் கம்பெனி மூடி ஒன்பது வருஷம் ஆன பிறகுதான் நகராட்சிக்கு அந்தக் கட்டடங்களின் ஞாபகம் வந்தது. புகைபோக்கி, சூளைகள், மணிக்கூண்டு, தொழிலாளர் வீடுகள் என்று நாற்பத்திரண்டையும் படம் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ‘ஆள் குடியிருப்பு: உண்டு / இல்லை’ என்று குறித்துத் தரவேண்டும். எதை இடிப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

வேலை ஸ்டூடியோக்காரனுக்கு வந்தது. பாஸ்போர்ட் முகங்களை எடுத்தே கண் பூத்துப்போனவனுக்குக் கட்டடங்கள் பிடித்துவிட்டன. “இதுங்க கண்ணை மூடாது அண்ணி. கொஞ்சம் சிவப்பா எடுப்பான்னும் கேக்காது” என்றான்.

அண்ணி சிரித்தாள். அவள் சிரிப்பதே அபூர்வம். சூளையில் தீ போடும் வேலை போனதும், தூரத்துத் துறைமுகத்தில் வேலை என்று அண்ணன் கிளம்பிப் போனதிலிருந்து அவள் கொழுந்தனான இவன் வீட்டில்தான் இருந்தாள். மாதம் ஒருமுறை ஃபோன் வரும். நல்லா இருக்கேன், லீவு கிடைக்கல. அவ்வளவுதான்.

முப்பத்தொன்றாவது கட்டடம் உலர்த்துக் கொட்டகை. இன்னும் சுடாத பச்சைப் பாத்திரங்களைச் சூளைக்கு அனுப்பும் முன் காயவைக்கும் நீளக் கூடம். பாதிக் கூரை இல்லை. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோது, உள்ளே ஒரு கயிற்றில் சட்டை காய்வது தெரிந்தது. சட்டைப்பை வலப்பக்கம் இருந்தது.

அண்ணனுக்கு இடக்கைப் பழக்கம். கடையில் வாங்கும் ஒவ்வொரு சட்டையிலும் பையைப் பிரித்து வலப்பக்கம் மாற்றித் தைத்துக் கொடுப்பாள் அண்ணி. அப்படி ஒரு சட்டை உலகத்திலேயே வேறு யாரிடமும் இருக்க முடியாது.

மறுநாள் மதியம் போனான். இருமல் சத்தம்தான் முதலில் வந்தது. அடுக்குப் பலகைகளுக்கு நடுவே பாய் விரித்து, ஆளே பாதியாகி உட்கார்ந்திருந்தான் அண்ணன்.

“எத்தனை நாளா இங்க?”

“நாளா? நாலு வருஷம். மூச்சு வாங்குதுன்னு துறைமுகத்துல அனுப்பிட்டான். பக்கத்து ஊர்ச் சந்தையில சின்னச் சின்ன மூட்டையா தூக்குறேன்.”

“அரை மணி நடந்தா வீடு. அண்ணி அங்க உசுரோட செத்துக்கிட்டிருக்கா.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்? சம்பாதிக்கப் போறேன்னு மார்தட்டிட்டுப் போனவன்டா. அந்தப் படத்தைக் குடுத்துடாத. ஆள் இருக்குன்னா அதிகாரிங்க வருவாங்க, ஊரே கூடிடும். உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்.”

அண்ணன் அவனிடம் கெஞ்சியது அதுதான் முதல்முறை. சட்டையைக் கயிற்றிலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டு, வேறொரு படம் எடுத்தான். ‘இல்லை’ என்பதில் டிக் அடித்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்திருந்தான். இரண்டு முறை போய்ப் பார்த்தான். மூன்றாம் முறைக்கு நகராட்சியின் இடிக்கும் இயந்திரம் முந்திக்கொண்டது.

சத்தம் கேட்டு ஓடியபோது கொட்டகை மண்மேடாகக் கிடந்தது. உள்ளே ஆள் இருந்தானா என்று கத்தினான். “ஏன் சார் பயமுறுத்துறீங்க? பேப்பர்ல ஆள் இல்லைன்னுதானே போட்டிருக்கு” என்றான் டிரைவர். ஆனாலும் இறங்கி வந்து அவனோடு சேர்ந்து புரட்டிப் பார்த்தான். பாய் கிடைத்தது, மருந்து பாட்டில் கிடைத்தது. அண்ணன் இல்லை. சந்தைக்குப் போயிருக்க வேண்டும். மாலைவரை காத்திருந்தும் வரவில்லை.

அன்றே அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி, முதலில் எடுத்த படத்தையும் காட்டினான். அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

“ஆபீஸ்ல மறைச்சது சரி. என்கிட்ட ஏன்டா மறைச்சே?”



எட்டு நாள் இருவரும் தேடினார்கள். ஒன்பதாம் நாள் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டூடியோவுக்கு ஃபோன் வந்தது. பஸ் நிலையத்தில் மழையில் நனைந்து விழுந்துகிடந்தவனின் பையில் அந்த நம்பர் இருந்ததாம்.

அண்ணி போய்க் கூட்டி வந்தாள். ஏசவில்லை, அழவில்லை. வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிட்டாள். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தாள். “நீ என்னத் திட்டவாவது செய்” என்றான் அண்ணன். “மூச்ச வீணாக்காத” என்றாள். பதினோரு வாரம் இருந்தான். ஒரு காலையில், அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான்.

அந்தப் பதினோரு வாரமும் அவள் கொழுந்தனிடம் பேசியது ‘தள்ளு’, ‘பிடி’ என்ற இரண்டே வார்த்தைகள். காரியமெல்லாம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். அவன் பெட்டியைத் தூக்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. பஸ் ஏறும்வரை தானே சுமந்தாள்.