நாரேயின் தப்பு நோட்டு

நாரே புரோகிராமிங் கற்றது மூளையால் அல்ல, தப்பால். கொரியப் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் கணக்குக்கு வைத்திருக்கும் தப்பு நோட்டை அவள் இதற்கும் வைத்துக்கொண்டாள். ஓடாத புரோகிராமைக் கையாலேயே எழுதுவாள். எங்கே சறுக்கினோம், ஏன் சறுக்கினோம் என்று கீழே சிவப்பு மையில் குறிப்பாள். மூன்று நாள் கழித்து, நோட்டைப் பார்க்காமல் மறுபடி போட்டுப் பார்ப்பாள். புரோகிராமில் உதாரணத்துக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் எப்போதும் டூபுதான். டூபு அவள் வளர்த்த நாய், போன குளிர்காலத்தில் செத்துப்போனது.

சியோல் நகரில் அவள் காசு கட்டி உட்கார்ந்து படிக்கும் கஃபேயில் பக்கத்து மேசைக்காரி மிரான். ஒரு வயது மூத்தவள், அதனால் அக்கா. இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி மேல்தான் கண். டூபு செத்த அன்று நாரேயைக் கட்டிக்கொண்டு அழுதவளும் இந்த மகராசிதான். அந்த வாரமே நோட்டை இரவல் வாங்கிப் போனாள். மெட்ரோவில் விட்டுவிட்டேன் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். பறிகொடுத்தவளே அவளுக்குச் சமாதானம் சொன்னாள், இப்படியும் ஒரு அசடு! வசந்தத்தில் மிரானுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது கேக் வாங்கிக் கொடுத்ததும் நாரேதான்.

இலையுதிர் காலத்தில் நாரேக்கும் அங்கே நேர்காணல் வந்தது. ஒரு புரோகிராமைப் பலகையில் கையால் எழுதச் சொன்னார்கள். மளமளவென்று எழுதினாள், டூபு பெயரைப் போட்டாள், எங்கெங்கே சறுக்கும் என்றும் சொன்னாள். மேலாளரின் முகம் சுருங்கியது. இதே தப்புகள், இதே டூபு, எல்லாம் மிரானின் வலைப்பதிவில் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தானே அவளை வேலைக்கு எடுத்தோம் என்றார்.

அது என் நோட்டு என்றாள் நாரே. மேலாளர் மிரானைக் கூப்பிட்டனுப்பினார்.

வந்தவள் நாரே பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாவிட்டால் போகிறது, நோட்டைத் திருடலாம், நாயையுமா திருட முடியும் என்று நினைத்தாள் நாரே.

"அக்கா, டூபு யாருன்னு இவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

மிரானுக்குக் கண் கலங்கியது. "என் நாய் சார். போன குளிர்காலத்துல செத்துப்போச்சு."

மேலாளர் எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு நாரேயிடம், "நீங்க போகலாம்மா," என்றார்.

வேலை கிடைக்காமல் போனதுகூட அப்போது நாரேக்கு வலிக்கவில்லை. துடைப்பானை எடுத்துப் பலகையில் டூபுவின் பெயரை மட்டும் அழித்துவிட்டு வெளியே வந்தாள்.