ஆர்ஜா இருபது வரை எண்ணினாள்

எனக்குக் காது கேட்காது. ஆறு வயதில் வந்த காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். இந்த ஊரில் என் அளவுக்கு வம்பு தெரிந்தவர் யாருமில்லை. காபிக் கடையின் எதிர்மூலையில் இரண்டு பேர் தலையைக் குனிந்து யாரைப் பற்றிப் பேசினாலும் அவர்கள் வாயை நான் படித்துவிடுவேன். "நிவெஸ் வர்றா, பேச்ச மாத்து" என்று சொல்வதையும் படித்துவிடுவேன் என்பது இன்னும் பலருக்கு உறைக்கவில்லை.

சினிமாதான் எனக்கு ஒத்துவராது. எங்கள் இத்தாலி நாட்டுப் பழைய படங்களில் வாய் ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். படம் பிடிக்கும்போது ஒலியைப் பதிவு செய்யமாட்டார்கள். பிறகு ரோமில் ஓர் அறையில் உட்கார்ந்து வேறு யாராவது பேசிக் கொடுப்பார்கள். மீன்காரரையும் சலவைக்காரியையும் தெருவிலிருந்து கூட்டிவந்து நடிக்கவைத்த காலம் அது. வசனம் மனப்பாடம் ஆகாதவர்களிடம், "சும்மா எண்ணிக்கிட்டே இரு, வாய் அசைஞ்சா போதும்" என்பார்களாம். மற்றவர்களுக்கு அது உருக்கமான காதல் வசனம். எனக்கு அது முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அரங்கமே மூக்கைச் சிந்தும்போது நான் மட்டும் சிரித்துத் தொலைத்து, இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டிருக்கிறேன்.

போ என்ற ஆறு கடலில் கலக்கும் இந்தச் சேற்று ஊரில் 1956இல் ஒரு படம் எடுத்தார்கள். ஊரில் அதற்குப் பெயர் கிடையாது, 'படம்' என்றாலே அதுதான். வெள்ளம் வருகிறது. குழந்தைக்குச் சோறு போட வழியில்லாத ஒரு பெண், படகில் போகும் உறவுக்காரியிடம் அந்தக் குழந்தையை ஒப்படைக்கிறாள். "மக்காச்சோளக் களி கிண்டி முடிக்கறதுக்குள்ள வந்துடறேன்" என்று பொய் சொல்கிறாள். பிறகு ஒரு மௌனம். பிறகு "அழாத" என்கிறாள். படகு போய்விடுகிறது. அறுபது வருஷமாக உலகம் அந்த இடத்தில் அழுகிறது. ஜப்பானிலிருந்து ஒரு தம்பதி வந்து, படத்தில் வந்த குழந்தை இப்போது நடத்தும் மீன் கடைமுன் நின்று தேம்பிவிட்டுப் போனார்கள். ஒரு விலாங்குகூட வாங்கவில்லை.

அந்தக் கடைக்காரி திர்ச்சே, என் சிநேகிதி. படத்தில் தாயாக வந்த ஆர்ஜா அவளுடைய சொந்த அம்மா. குழந்தையாக வந்தது மூன்று வயது திர்ச்சேயேதான். படம் முடிந்த எட்டாம் மாதம் ஆர்ஜா நிஜமாகவே மகளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, படக்குழுவில் இருந்த ஒருவனோடு ரோமுக்குப் போனாள். திரும்பி வரவே இல்லை. தூரினில் செத்துப்போனதாக இருபது வருஷம் கழித்து ஒரு தபால் வந்தது.

திர்ச்சே இதைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான் வைத்திருந்தாள்: "படத்துல ஒத்திகை பாத்துக்கிட்டா. அப்புறம் செஞ்சா."

இந்தப் புண்ணின்மேல் உப்புத் தடவியவர் காபிக் கடை இவானோ. அவர் வாலிபத்தில் அந்தப் படப்பிடிப்புக்கு விளக்குக் கம்பி இழுத்தவர். திர்ச்சேக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கடையில் எல்லோர் முன்னாலும், "உங்கம்மா அழுதுக்கிட்டே என்ன சொன்னா தெரியுமா? ஒண்ணு, ரெண்டு, மூணு! இருபது வரைக்கும் எண்ணச் சொன்னாரு டைரக்டர், எண்ணினா!" என்றார். கடையே சிரித்தது. திர்ச்சே ஆரஞ்சு சோடாவை அவர் சட்டையில் கொட்டிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியில் வந்தால் அணைத்துவிடுவாள். அவளுக்காக நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை. பழைய பிரதி கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. ஆர்ஜாவின் வாய் இருக்கும் இடத்தில் ஒரு நிழல்தான் இருந்ததாம்.

போன மார்ச்சில் அந்தப் படத்தைக் கழுவித் துடைத்துப் புதுப்பித்துவிட்டார்கள். முதலில் எங்கள் ஊரில்தான் காட்டுவது, திர்ச்சேயை மேடையேற்றி ஒரு கேடயம் கொடுப்பது என்று நகர்மன்றத்தில் முடிவு செய்தார்கள். என் தையல் கடைக்கு அவள் அந்தக் கடிதத்தோடு வந்தாள்.

"கேடயமாம்டி. எதுக்கு? என்னை விட்டுட்டுப் போனதுக்கா?"

"வெள்ளியா?"

"பித்தளையாத்தான் இருக்கும். இவனுங்ககிட்ட ஏது வெள்ளி?" கடிதத்தை மேசைமேல் போட்டாள். "நீ என்கூட வா. புதுப் பிரதியில முகம் கண்ணாடி மாதிரி தெரியுதாம். அவ என்ன சொல்றான்னு பாத்துச் சொல்லு. எனக்குன்னு ஒரே ஒரு வார்த்தை இருந்தாலும் மேடை ஏறுறேன். வெறும் எண்ணிக்கைதான்னா பின்வாசல் வழியா போயிடுவேன். கேடயத்த இவானோ தலையில கவுக்கட்டும்."

"அறுபத்தஞ்சு வயசுல என்னடி இது?"

"அறுபத்தஞ்சு வயசுலயும் அம்மா போனவ போனவதானே?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோக்கவே முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்வதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். திரையில் என்ன வந்தாலும் சரி, 'திர்ச்சே என்று உன் பேரைச் சொன்னாள்' என்று சொல்லிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? ரோமில் யாரோ ஒருத்தி ஆர்ஜாவுக்குக் குரல் கொடுத்து உலகத்தையே ஏமாற்றும்போது, ஒரு தையல்காரி ஒரு சிநேகிதியை ஏமாற்றக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தேவாலயத்தை ஒட்டிய அரங்கில் ஊரே கூடியிருந்தது. பொலோஞ்ஞாவிலிருந்து கொர்வினி என்ற பேராசிரியர் வந்திருந்தார். அந்த ஒரு மௌனத்தைப் பற்றி மட்டுமே இருநூறு பக்கம் எழுதியவராம். மீசைக்காரர்கள் எனக்கு ஜென்ம விரோதிகள், பாதி வார்த்தை மயிருக்குள் போய்விடும். மிச்சத்தில் தெரிந்தது இதுதான்: அந்த மௌனம் இயக்குநரின் மேதைமை, ஒவ்வொரு நொடியும் அவர் செதுக்கியது, அதனால்தான் அது இன்றைக்கும் நம்மை உலுக்குகிறது.

விளக்கை அணைப்பதற்குமுன் திர்ச்சே என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். எனக்கு மெதுவாகப் பேச வராது. நான் ரகசியம் சொன்னால் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பார்கள். அது அவளுக்குத் தெரியும்.

"பேசித் தொலைக்காத. என் உள்ளங்கையில தட்டு. அவ ஒண்ணு எண்ணினா ஒரு தட்டு. எண்ணலேன்னா கைய விட்டுடு. பொய் சொல்லலாம்னு நெனச்சிருப்ப, உன் மூஞ்சிலயே தெரியுது. உன் வாயை எனக்கும் படிக்கத் தெரியும்டி."

மீன் அறுத்துக் காய்த்துப்போன அவள் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

படம் போனது. வெள்ளம், மாடு, மூட்டை முடிச்சு, கூரைமேல் கோழி. பிறகு கரை. பனி. ஆர்ஜா வந்தாள்.

இருபத்துநாலு வயது. திர்ச்சேயின் அதே மூக்கு, அதே பிடிவாதத் தாடை. இடுப்பில் குழந்தை. திரை முழுக்க அந்த முகம். வாய் திறந்தது.

ஒன்று.

எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எண்ணினாள். பள்ளிக்கூட இத்தாலியம்கூட இல்லை. இரண்டு. மூன்று. இவானோ சொன்னது சுத்தமான உண்மை. கையை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். திர்ச்சே என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு, ஐந்து, ஆறு. தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் கை கொஞ்சம் கொஞ்சமாக மூடப்பார்த்தது. நான் விரலால் விரித்து விரித்துத் தட்டினேன். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கெல்லாம் களி கிண்டி முடிப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்ற வசனம் கேட்டிருக்கும்.

பதினைந்து. பதினாறு.

ஆர்ஜா வாயை மூடிக்கொண்டாள்.

இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. என் விரல் அந்தரத்தில் நின்றது. பக்கத்து வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. அதுதான் உலகம் அழும் அந்த மௌனம். ரோமில் குரல் கொடுத்தவளுக்கும் வேறு வழியில்லை. மூடிய வாய்க்கு எந்த வசனத்தைப் பொருத்துவது?

பிறகு ஆர்ஜா பெருமூச்சு விட்டாள். குழந்தையைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

நான் மூன்று தட்டு தட்டினேன். எனக்கே புரியச் சற்று நேரம் பிடித்தது. திர்ச்சேயின் உள்ளங்கையில் விரலால் பெரிதாக 16 என்று எழுதினேன். ஒரு கோடு போட்டேன். அடுத்து 18 என்று எழுதினேன்.

எங்கள் நாட்டில் பதினேழு சாவுக்கு உரிய எண். சில விமானங்களில் பதினேழாம் வரிசையே கிடையாது. பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் என் கடைக்கு ஒருவரும் கல்யாணத் துணி கொண்டுவர மாட்டார்கள். அந்த எண்ணைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொல்ல ஆர்ஜாவுக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் தாண்டினால் டைரக்டர் திட்டுவாரோ என்று ஒரு பயம். சொன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு அழுதிருக்கிறாள். ஒலி பதிவாகாததால் அவள் எதைத் தாண்டினாள் என்று டைரக்டருக்குத் தெரியவே இல்லை.

மேதைமையாம், செதுக்கினாராம்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேராசிரியரின் மீசையைப் பிடித்து இழுத்திருப்பேன். அந்த இடத்தில் ஜப்பான்காரர் ஏன் அழுகிறார், பிரான்சுக்காரர் ஏன் அழுகிறார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அவர்களுக்குப் பதினேழும் தெரியாது, பதினெட்டும் தெரியாது. ஆனால் ஒருத்தி தன் பிள்ளைக்காகப் பயப்படுவதை எந்த ஊர்க்காரரும் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார். நடித்து அதைக் கொண்டுவர முடியாது. ஆர்ஜா நடிக்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. திர்ச்சே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழச் சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"என் பெரியம்மாவும் சொல்லமாட்டா. வீட்டுல மாடிப்படி எண்ணினாக்கூட தாண்டிடுவா." கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விட்டுட்டுப் போனவதான் நிவெஸ். அதுல ஒரு மாத்தமும் இல்ல. அதுக்கு நான் மன்னிக்கவும் போறதில்ல. ஆனா அன்னிக்கு எனக்கு ஒரு கெட்டதும் வந்துடக்கூடாதுன்னு நெனச்சிருக்கா, இல்ல?"

"ஆமாடி!" என்றேன். கத்தியிருப்பேன் போலிருக்கிறது. மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது.

நகரத் தலைவர் அவள் பெயரைக் கூப்பிட்டார். திர்ச்சே பின்வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக மேடைக்குப் போனாள். கேடயத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேராசிரியரிடம் திரும்பினாள். மைக் முன்னால் நின்றதால் அவள் வாய் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"புரொபசர், அந்த ஒரு இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லுங்க. சத்தம் வேணாம்."

"சத்தம் இல்லாமலா, அம்மா?"

"அந்தக் குரல் எங்க அம்மாவோடது இல்ல. அத நிறுத்துங்க."

விளக்கு அணைந்தது. முதல் முறையாக ஊர் முழுக்க என்னைப்போலவே பார்த்தது. கரை, பனி, அந்தப் பெரிய முகம். திரைக்குப் பக்கத்தில், அந்த வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, திர்ச்சே நின்றாள். ஆர்ஜா வாயைத் திறந்தபோது இவளும் திறந்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. மைக்கில் எண்ணினாள். எனக்கு முன்வரிசையில் இருந்த இவானோ தொப்பியைக் கழற்றுவதைப் பார்த்தேன். பத்து தாண்டியபோது ஊருக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அறுபத்தைந்து வயதுக்காரியும் இருபத்துநாலு வயதுக்காரியும் ஒரே மாதிரி கீழுதட்டைப் பிதுக்கி எண்ணினார்கள். எந்த வாயைப் படிப்பதென்று தெரியாமல் என் கண் மாறி மாறிப் போனது.

பதினாறு.

இரண்டு வாய்களும் ஒன்றாக மூடின. திரையில் ஆர்ஜா குழந்தையைப் பார்த்து அழுதாள். திர்ச்சே அவளை அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தாள். பிறகு இருவரும் சேர்ந்து பதினெட்டு என்றார்கள்.