வழக்கில் ஒரு காதுகுத்து

பானுமதிக்கும் பிரபாகருக்கும் விவாகரத்து வேண்டும் என்பதில் இரண்டு பேருக்குமே மறுப்பு இல்லை. எட்டு வருஷக் குடித்தனத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். வழக்கு இழுத்துக்கொண்டே போனதெல்லாம் மகள் காவியாவுக்காக. அவள் யாரிடம் வளர்வது?

பிரபாகர் மோசமானவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஓசூரில் கம்பெனி வேலை. அம்மா ராணியம்மாள் எதிரில் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நிற்பான். ஒரு பொங்கலுக்குப் பானுமதியின் அண்ணன் மாயவன் கொண்டுவந்த சீரை வண்டியிலிருந்து இறக்கியவனே அவன்தான். மறுநாள் ராணியம்மாள், "அவ பொறந்த வூட்டுல இருந்து ஒரு கரும்புகூட வரல" என்று தெருவெல்லாம் சொன்னபோது, பக்கத்திலேயே நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். இப்படி ஒன்றா இரண்டா. கடைசியில் பானுமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரிமங்கலத்துக்கு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். அங்கேயே ஒரு மெடிக்கலில் வேலைக்கும் சேர்ந்தாள்.

வழக்கு முடியும்வரை காவியா அம்மாவிடம் இருக்கட்டும் என்றது குடும்ப நீதிமன்றம். இரண்டாம் சனிக்கிழமைகளில் அப்பா காலையில் கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடலாம். எங்கே போவதென்றாலும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்படி ஒரு சனிக்கிழமையில் பானுமதியும் மாயவனும் தர்மபுரியில் தங்கள் வக்கீல் லூர்துமேரியின் ஆபீசில் உட்கார்ந்திருந்தார்கள். மாயவனின் போன் அடித்தது. பிரபாகர். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் வக்கீல்.

"மச்சான், தீர்த்தமலையில இருக்கறங்க. பாப்பாவுக்குக் காது குத்தலாம்னு அம்மா ஏற்பாடு பண்ணிட்டாங்க. மாமன் மொறைக்கு எங்க சொந்தத்துல ராஜாவ உக்கார வெச்சாங்க. பாப்பா அவன் மடியில உக்கார மாட்டேங்குது. எங்க மாமா வந்தாத்தான்னு ஒரே அழுவ. வர முடியுங்களா?"

மாயவனுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காதுகுத்தாம். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மடிக்கு வாடகை ஆளாம். "கொஞ்ச நேரத்துல கூப்புடறன்" என்று போனை வைத்தான்.

"போவாதீங்க" என்றார் லூர்துமேரி. "கோர்ட் உத்தரவ மீறிட்டாருன்னு திங்கக்கிழமையே மனு போடறேன். நீங்க போய் மடியில உக்கார வெச்சீங்கன்னா, உங்க சம்மதத்தோட நடந்ததா ஆயிடும். கொழந்தைக்கு அஞ்சு வயசு தாண்டியாச்சும்மா. இனிமே அம்மாகிட்டதான் இருக்கணும்னு சட்டம் தானா சொல்லாது. நமக்கு ஒரு பிடி வேணும், அத அவரே குடுத்திருக்காரு."

வக்கீல் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. மகளைப் பறிகொடுத்துவிட்டு இரண்டாம் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும் வாழ்க்கையைப் பானுமதியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் காதுகுத்து என்பது ஒரு தடவைதான். சொந்தபந்தம் கூடியிருக்கும் இடத்தில் வேறு எவன் மடியிலோ உட்கார்ந்து குத்திக்கொண்டால், இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லை என்று ஆயுசுக்கும் ஆகிவிடும். அதுகூடப் போகட்டும். அங்கே குழந்தை அழுதுகொண்டிருக்கிறது.

"வண்டிய எடுண்ணா" என்றாள்.

"நல்லா யோசிச்சுக்க பானு. இதனால பாப்பா நம்ம கைய வுட்டுப் போயிட்டா?"

"அது அழுதுட்டு இருக்குதுண்ணா."

லூர்துமேரி தலையில் கைவைத்துக்கொண்டார். தடுக்கவில்லை.

அரூர் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மலையடிவார மண்டபத்தில் எல்லோரும் சோர்ந்துபோயிருந்தார்கள். ராணியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காவியா ஓடிவந்து மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். ஒரு காது முடிந்ததும் குழந்தை வீறிட்டு அம்மாவைக் கூப்பிட, பானுமதி ஒரு பக்கமும் பிரபாகர் ஒரு பக்கமும் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். போட்டோகிராபர் அதைத்தான் எடுத்தான்.

அடுத்த வாய்தாவில் அந்தப் போட்டோ நீதிபதியின் மேஜைக்குப் போனது. கொடுத்தவர் பிரபாகரின் வக்கீல் சந்திரமோகன். "பாருங்கம்மா. தாயார், தாய்மாமன், எல்லாரும் சம்மதத்தோட இருக்காங்க. செய்ய வேண்டியத மொறையா செய்யற அப்பா. கொழந்தைய அவர்கிட்டயே ஒப்படைக்கணும்னு கேட்டுக்கறோம்."

நல்ல மனசோடு போனது பானுமதியின் கழுத்துக்கே கத்தியாக வந்துவிட்டது. சம்மதம் இல்லை என்றால், ஏன் போனாய் என்பார்கள். உண்டு என்றால் மகள் போய்விடுவாள்.

நீதிபதி அவளைக் கேட்கவில்லை. பிரபாகரைப் பார்த்தார். "விசேஷத்தப் பத்தி இவங்ககிட்ட முன்னாடியே சொன்னீங்களா?"

பிரபாகர் திரும்பிப் பார்த்தான். கதவோரம் ராணியம்மாள் நின்றிருந்தாள். கூடவே சந்திரமோகன் தொண்டையைக் கனைத்தார். கொழுக்கட்டைதான், வேறென்ன என்று பானுமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்லலீங்கம்மா" என்றான் பிரபாகர். "சொன்னா வுட மாட்டாங்கன்னு எங்கம்மா வேற ஆள மாமனா உக்கார வெச்சாங்க. தப்புன்னு தெரிஞ்சும் நான் சும்மா இருந்துட்டங்க. பாப்பா அழுவறதப் பாத்துதான் போன் பண்ணினன். அவுங்க வராம இருந்திருக்கலாம். வந்தாங்க."

சந்திரமோகன் பேனாவை மூடினார். கதவோரத்தில் ராணியம்மாளைக் காணவில்லை.

இருவரும் கேட்ட விவாகரத்து அடுத்த மாதம் கிடைத்தது. காவியா அம்மாவிடம்தான் வளர வேண்டும், மாதத்தில் இரண்டு வாரக்கடைசிகள் அப்பா வீட்டில் தங்கலாம் என்று தீர்ப்பு. தங்குவதில் ஆட்சேபணை உண்டா என்று நீதிபதி கேட்டபோது, "இல்லீங்கம்மா, அனுப்பறங்க" என்றாள் பானுமதி. மாயவன் வெளியே வந்ததும் இனிப்பு வாங்கக் கிளம்பினான்.

பிரபாகர் வராந்தாவில் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். பானுமதி நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"இந்த வாய் அன்னிக்கெல்லாம் எங்கங்க போயிருந்துது?"

அவன் படியிறங்கிப் போன பிறகு, மகளை ஜெயித்த அந்த நாளில், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, விவாகரத்து ஆகிவிட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது.