வரிசையில் முதல் ஆள்

இந்தத் தடவை யாருக்கும் ஓட்டில்லை என்று செனைடா முடிவு கட்டியிருந்தாள். ஏணிச் சின்னத்துக்காரன் ஜெயிலுக்குப் போய் வந்தவன். பூவாளிச் சின்னத்துக்காரன் மூன்றாவது முறையாக மேட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்கிறான். ஓட்டுச் சீட்டில் இருக்கும் இரண்டு மூஞ்சிகளுக்கும் குறுக்கே, "முதல்ல தண்ணி, அப்புறம் நீங்க" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வருவதுதான் திட்டம்.

லிமா நகரத்து ஓரத்தில் இருக்கும் அந்த மேட்டுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். ஞாயிறு பத்து மணிக்கு வாசல் டிரம் பக்கத்தில் ஆள் நிற்காவிட்டால் டிரைவர் அனிசெத்தோ நிறுத்தவே மாட்டான். தேர்தலும் அதே ஞாயிறு. அம்மாவுக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான் என்பதால் முந்தாநாளே பஸ் ஏறிவிட்டாள். அதனால் செனைடா எட்டு மணிக்கே ஓட்டைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். போடாமல் விட்டால் அபராதம்.

ஆனால் முதல் ஆளாகப் போகவும் கூடாது. குலுக்கலில் பேர் வந்து சாவடி வேலைக்கு வராதவர்களுக்குப் பதிலாக, வரிசையில் முன்னால் நிற்பவரைப் பிடித்து மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்தால் சாயங்காலம் ஓட்டு எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்க முடியாது. இது தெரிந்த ஊர் முழுக்க எதிர்ப் பிளாட்பாரத்தில் பன்றிக்கறி ரொட்டி தின்றபடி, சாவடி போட்டிருந்த பள்ளிக்கூடக் கேட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க போங்க ஐயா, பெரியவங்க," என்றாள் பக்கத்து வீட்டு லியோன்சியோவிடம்.

"பொம்பளப் புள்ளைக்குத்தான்மா முதல் மரியாதை."

"இத்தனை நாள் எங்க போயிருந்துச்சு அந்த மரியாதை?"

எட்டே முக்கால் ஆகியும் ஒருவரும் அசையவில்லை. டிரம் கண்ணுக்குள் வந்து நின்றது. அவள் ரோட்டைக் கடந்தாள். கேட்டில் கால் வைத்ததும் அதிகாரி பாய்ந்து வந்தார்.

"படிச்சிருக்கியாம்மா?"

"கணக்கியல் பட்டம். மருந்துக்கடைல பொட்டலம் மடிக்கிறேன்."

"பிரமாதம், உட்காரு."

பின்னால் எதிர்ப் பிளாட்பாரமே சிரித்தது.

ஒரு மணிக்கு அனிசெத்தோ ஓட்டுப் போட வந்தான். அவன் பேரும் அதே மேஜைப் பட்டியலில்தான். அடையாள அட்டையை நீட்டியபடியே, "உங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு பாப்பா, அப்படியே போய்ட்டேன்," என்றான்.

அவள் அட்டையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள். அரை நாள் அதிகாரம் எப்படியோ விரல்வரை இறங்கிவிட்டிருந்தது.

"படத்துல மீசை இல்ல. இது நீங்கதான்னு நான் எப்படி நம்பறது?"

"வாரா வாரம் எங்கிட்டதானம்மா தண்ணி புடிக்கிற!"

"இன்னைக்குப் புடிக்கலயே அண்ணே. போய் முகத்தைச் சரி பண்ணிட்டு வாங்க. வழியில எந்த டிரம்மாவது காலியா இருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க."

ஏணிக் கட்சி ஏஜெண்ட் நிமிர்ந்தான். "டிரம்மா? ஓட்டருகிட்ட என்ன தனிப் பேச்சு?"

"மீசையைப் பத்தித்தான் சார்."

அனிசெத்தோ முணுமுணுத்துக்கொண்டே போனான். நாற்காலி கிடைத்ததும் சொந்தக் காரியம் பார்க்கிறவர்களை இவ்வளவு நாள் வைதுவிட்டு இப்போது தானும் அதையே செய்துவிட்டோம் என்பது அவன் முதுகைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. காது சுட்டது. திரும்பக் கூப்பிடலாமா? டிரம்மை நினைத்தாள். கூப்பிடவில்லை.

மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தான். மீசை இல்லை. மேலுதடு உரித்த கோழி மாதிரி இருந்தது. ஏஜெண்ட் பார்த்துக்கொண்டே இருந்ததால் இவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனவன் அங்கே ரொம்ப நேரம் இருந்தான்.

கதவை மூடியதும் எண்ணிக்கை. அவள்தான் ஒவ்வொரு சீட்டையும் பிரித்து உரக்கப் படித்தாள். ஏணி. பூவாளி. ஏணி. பூவாளிமேல் பச்சை மையில் அழுத்திப் பெருக்கல் குறி போட்ட ஒரு சீட்டு வந்தபோது குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அந்தப் பச்சை மை அவள் பேனாவுடையது. காலையில் மறைப்புக்குள் நின்றபோது, ஒருவேளை இந்தத் தடவையாவது குழாய் போடுவானோ என்று கடைசி நொடியில் கை கேட்கவில்லை.

அடுத்த சீட்டில் இரண்டு மூஞ்சிகளுக்கும் குறுக்கே கோணல் எழுத்து: "டிரம் ரொம்பிருச்சு. மீசை போச்சு."

"என்னம்மா எழுதியிருக்கு?" ஏஜெண்ட் எட்டிப் பார்த்தான்.

"செல்லாது," என்றாள் செனைடா, பல் முப்பத்திரண்டும் தெரிய.