ஒரு பள்ளிக்கூடத்தின் பிறந்த தேதி

முள்ளிக்கரிசல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருபத்தொன்பதாவது தடவை பரீட்சை எழுதி ஐந்தாம் வகுப்பில் தேறியது.

ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் தபாலில் முடிவு வந்தது. கணக்கில் முப்பத்தாறு மதிப்பெண். ஜூன் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சூலக்கோட்டைக்குப் போய் நடுநிலைப்பள்ளியாகச் சேர்ந்துகொள்ள வேண்டும், வரும்போது மாற்றுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

தலைமை ஆசிரியை கனகமணி டீச்சர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தேன்மிட்டாய் கொடுத்தார். தலைமை ஆசிரியை என்றதும் அவருக்குக் கீழே பெரும்படை இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. அது ஓராசிரியர் பள்ளி. தலையும் அவரே, வாலும் அவரே. இருபத்தைந்து வயதில் அந்த ஊருக்கு வந்தவர், இந்த மே மாதத்தோடு ஓய்வு பெறப் போகிறார்.

எங்கள் மாநிலத்தில் பள்ளிக்கூடங்கள் இப்படித்தான் முன்னுக்கு வந்தன. ஏதாவதொரு காட்டூரில் ஓலைக் கொட்டகையாகப் பிறக்கும். ஐந்தாவது முடித்ததும் பக்கத்துப் பெரிய ஊருக்குப் போய் நடுநிலைப்பள்ளியாகும். பிறகு தாலுகா ஊரில் உயர்நிலை, மேல்நிலை. படிப்பு ஏறினால் ஜில்லாத் தலைநகரத்தில் கல்லூரி. நூறில் ஒன்று பல்கலைக்கழகமாகி நாலுவழிச் சாலை ஓரத்தில் போய் நின்றுகொள்ளும். இன்றைக்கு மணிக்கூண்டும் நூலகமுமாக நிற்கும் பல்கலைக்கழகம் ஒன்று கொக்கரைப்பட்டியில் பிறந்ததுதான். போன பொங்கலுக்கு லீவில் ஊருக்கு வந்தபோது இடம் கொள்ளாமல் பாதிக் கட்டடம் கண்மாய்க்குள் இறங்கி நின்றது. ஊர்ப் பெண்கள் அதன் வராந்தாக்களில் வத்தல் காயப்போட்டார்கள். “எளைச்சுப் போயிட்டியேய்யா” என்று ஒரு பெரியவர் தூணைத் தடவித் தடவி அழுதார்.

எல்லாமே படித்து மேலே வந்துவிடவில்லை. எட்டாம் வகுப்போடு நின்று, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் கூடமாக வேலைக்குப் போன பள்ளிக்கூடங்களும் உண்டு. முள்ளிக்கரிசல் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குதான் ஏழரை. அதன் நாலு மூலையில் ஒன்றுகூட செங்கோணம் இல்லை. வருடா வருடம் வடிவியலில் கோட்டை விட்டது. டீச்சர் வெளியே திட்டுவார். உள்ளுக்குள் ஒவ்வொரு வருடமும் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றுச் சான்றிதழை எடுத்துவைத்து நிரப்ப உட்கார்ந்தார். அங்க அடையாளங்கள்: ஒன்று, வடக்குச் சுவரில் கோணலாக ஒரு விரிசல். இரண்டு, ஜன்னலுக்குக் கீழே மைக்கறை. நடத்தை: நன்று. அதை அடித்துவிட்டு ‘மிக நன்று’ என்று எழுதினார். பிறந்த தேதிக்காகச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினார். முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்பு தன் கையாலேயே எழுதிய தேதி, மே ஏழு, வருடத்தோடு இருந்தது. அது அவருடைய பிறந்த தேதி.

நடந்தது இதுதான். அப்போது ஐந்து வயது முடிந்த கொட்டகையைத்தான் பள்ளியாகச் சேர்ப்பார்கள். ஐந்து முடிந்ததா என்று பார்க்க எல்லாருக்கும் ஒரே வழிதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். கொட்டகைக்குத் தெற்குப் பக்கத்து நீள ஓலைதான் வலது கை, வடக்கு ஜன்னல் இடது காது. இளம் ஆசிரியை கனகமணி ஓலையைக் கூரைக்கு மேலாக வளைத்துப் பார்த்தார். ஒரு சாண் எட்டவில்லை. எட்டாத கொட்டகையை அன்றைக்கே பிரித்து அடுப்புக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அதிகாரி வெற்றிலை துப்ப அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் டீச்சர் ஓலையை லேசாக இழுத்துவிட்டார். தொட்டுவிட்டது. “பிறந்த தேதி என்னம்மா, சீக்கிரம்” என்றார் அதிகாரி. அவசரத்துக்கு டீச்சருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது ஒரே ஒரு தேதிதான்.

அந்த வாரமே யூனியன் ஆபீசிலிருந்து எழுத்தர் தவசிமுத்து வந்து பதிவேட்டைப் பார்த்தார்.

“டீச்சர், இந்தத் தேதிப்படி பள்ளிக்கூடத்துக்கு இந்த மே மாசம் அம்பத்தெட்டு முடியுது. படிக்க அனுப்ப முடியாது. ரிட்டயர்மென்ட்தான்.”

“எனக்கும் அன்னைக்குத்தான் சார்.”

“தெரியும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே விழாவா வச்சிருவோம்.”

தேதியைத் திருத்த வழி இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். இருந்தது. எழுதியவரே சிவப்பு மையில் அடித்துவிட்டு உண்மையான தேதியை எழுதலாம். ஆனால் சிவப்பு மையில் அடிபட்ட தேதி, அதையே பிறந்த தேதியாக வைத்திருக்கும் எல்லாருடைய பதிவேட்டிலும் அடிபட்டுவிடும். டீச்சர் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்தை விரும்புகிறவர் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்று விதி உண்டு. டீச்சருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு டிரான்சிஸ்டர்தான். பள்ளிக்கூடம் கொல்லைப்பக்கம் வந்து நின்றால், விடிந்ததும் கதவைத் திறந்து தண்ணீர் தெளித்து, மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாய்ப்பாட்டை முழுசாகச் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். ஆசை வந்துவிட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

பஞ்சாயத்துத் தலைவர் சீனிராசு கயிறு கொண்டுவந்து பள்ளிக்கூடத்தை அளந்தார். பிறகு அதே கயிற்றால் டீச்சர் வீட்டுக் கொல்லையை அளந்தார்.

“முருங்கைய வெட்டிட்டாலும் ஆறடி இடிக்கு டீச்சர். வராந்தாவ மட்டும் எடுத்துட்டா கச்சிதமா உக்காந்துரும்.”

“வராந்தாவயா?”

“வயசான காலத்துல அதுக்கு எதுக்கு வராந்தா?”

இதைப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டுதான் சொன்னார். மறுநாள் காலையில் டீச்சர் வந்தபோது பள்ளிக்கூடம் வராந்தாவை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. தூண்கள் சுவரோடு ஒட்டிக்கிடந்தன. செருப்பு விட இடமில்லாமல் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். கேட்டதற்கு, பள்ளிக்கூடம் விடியற்காலையிலிருந்தே இப்படித்தான் நிற்கிறது என்றார்கள்.

டீச்சர் சுவரில் கை வைத்தார். சுண்ணாம்பு உதிர்ந்தது.

“மூச்ச விடுய்யா” என்றார். “இப்பிடி எக்கிக்கிட்டே நின்னா என்னைக்கு நீ காலேஜ் ஆகுறது?”

வராந்தா மெதுவாக வெளியே வந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். டீச்சர் யூனியன் ஆபீசுக்கு ஆள் அனுப்பினார்.

உண்மையான தேதியைச் சீனிராசு சொன்னார். “அம்மன் கொடை முடிஞ்ச மறுநாள் பந்தலப் பிரிச்ச ஓலையிலதான கொட்டகை போட்டோம். நீங்க வாரதுக்கு மூணு வருசம் முந்தி. மே பன்னெண்டு.”

“அடிச்சிட்டா உங்க தேதி போயிரும். யோசிச்சுக்கிடுங்க” என்றார் தவசிமுத்து.

“யோசிச்சாச்சு. பேனாவக் குடுங்க.”

ஜூன் முதல் திங்கட்கிழமை ஏழேகாலுக்கு டவுன் பஸ் வந்தது. பள்ளிக்கூடம் பின்பக்கப் படியில் ஏறியது. ஓடுகளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டது. “உள்ள போ, உள்ள போ” என்றார் நடத்துநர். டீச்சர் இரண்டு பெட்டி சாக்பீசும் ஒரு பொட்டலம் சீனிமிட்டாயும் கொடுத்தார். சான்றிதழை நனையாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். பஸ் போன பிறகு திரும்பி வந்து, பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் உட்கார்ந்தார். கரிசல் மண்ணுக்கு நடுவில் அந்த இடம் மட்டும் சாக்பீஸ் தூள் படிந்து வெளுத்திருந்தது. அங்கே உட்கார்ந்து மணி அடிக்கும் நேரம் வரை அழுதார்.

அடுத்த வாரமே அந்த இடத்தில் ஊரார் புதுக் கொட்டகை போட்டார்கள். ஜெபசீலி என்று ஒரு டீச்சர் வந்தார். இப்போதெல்லாம் கொட்டகைக்கு வயது பார்ப்பதில்லை. பொங்கலுக்குப் பள்ளிக்கூடம் ஊருக்கு வந்தது. இரண்டு அறை கூடியிருந்தது. மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு போய் மின்சார மணி வந்திருந்ததால் குரல் உடைந்திருந்தது. பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு, வந்த மூன்று நாளும் டீச்சர் வீட்டுக் கொல்லையில்தான் நின்றது, ஆறடி தெருவில் நீட்டிக்கொண்டு.

டீச்சரைப் பற்றி ஆபீசிலிருந்து கடிதம் வர ஒரு வருடம் ஆனது. வழக்கம்தான். பிறந்த தேதி இல்லாதவர் ஓய்வு பெற முடியாது, பணியில் இருக்கவும் முடியாது, எனவே ஜூன் மாதம் பாதுகாவலருடன் அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று வயதை நிரூபித்துச் சேர்ந்துகொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள்.

சூலக்கோட்டை நடுநிலைப்பள்ளி ஒருநாள் விடுப்பு கேட்டு எழுதியது. ‘எங்கள் டீச்சரை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டியிருப்பதால்’ என்று காரணம் காட்டியிருந்தது. விடுப்பு கிடைத்தது. எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கி, டீச்சருக்கு ஒரு சிலேட்டு வாங்கிக்கொடுத்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனது.

ஜெபசீலி டீச்சர் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, “காதத் தொடுங்க பாப்போம்” என்றார்.

கனகமணி டீச்சர் வலது கையைத் தூக்கினார். தோள்பட்டையில் வெகுநாளாக வலி. கை தலைக்கு மேலே வந்து நின்றுவிட்டது. காதுக்கு ஒரு சாண் இருந்தது. ஜெபசீலி டீச்சர் பேனாவுக்கு மை போட அந்தப் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடம் பின்னாலிருந்து டீச்சரின் முழங்கையை லேசாகத் தள்ளிவிட்டது. விரல் காதில் பட்டது.

“சரி, எட்டிருச்சு. பிறந்த தேதி?”

பாதுகாவலர் என்ற முறையில் பள்ளிக்கூடம்தான் எழுத வேண்டியிருந்தது. அதற்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது ஒரே ஒரு தேதிதான். மே பன்னிரண்டு என்று எழுதி, வருடத்தையும் போட்டுக் கையெழுத்திட்டது. கனகமணி சிலேட்டை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.