ஒன்றாம் வகுப்பு, சி பிரிவு

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் நடந்த ஆசிரியர் பயிற்சியில், அந்த ஆண்டு காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். போன ஆண்டு பொம்மலாட்டம். அதற்கு முந்தைய ஆண்டு யோகா. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. டீயும் பருப்பு வடையும் வழக்கம்போல் வந்தன.

சங்கரகோமதி ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர் அவள். கணவன் ஆறுமுகநயினார் மின்வாரியத்தில் லைன்மேன். ஒரே மகள் இதழினி. அந்த வருஷம்தான் அம்மாவின் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிறாள். புது ஷூவை வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் ஒல்லியான மனிதர். கரும்பலகையைப் பார்த்துத்தான் நின்றார். குரல் மட்டும் வகுப்பின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

"பேரைக் கூப்பிடணும். கூப்பிட்டுட்டு சும்மா இருக்கணும். அவ்வளவுதான் பயிற்சி."

"பதில் வரலைன்னா சார்?" என்று கேட்டாள் எஸ்தர் டீச்சர். ஒன்றாம் வகுப்பு அவளுடையது. எதையும் ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்வாள்.

"வரும். நீங்கதான் அவசரப்பட்டு அடுத்த பேருக்குப் போயிடுறீங்க."

ஒவ்வொருவராக எழுந்து காலி பெஞ்சுகளைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். எஸ்தர் டீச்சர் "ரோஜா" என்றாள். யாரோ பெஞ்சில் நகர்ந்து உட்காருவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. "பரவாயில்ல, நல்ல முயற்சி" என்றார் கருத்தாளர்.

சங்கரகோமதியின் முறை வந்தது. எந்தப் பெயரைச் சொல்வது என்று அவள் யோசித்திருக்கவில்லை. வாய்க்கு வந்த பெயரைச் சொன்னாள்.

"இதழினி."

"உள்ளேன் டீச்சர்."

குரல் கணீரென்று கேட்டது. மூன்றாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை. கோடை விடுமுறை முழுக்கப் படிந்த தூசியில், ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்த அளவுக்கு மட்டும் இடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். கருத்தாளர் முதல்முறையாகத் திரும்பினார். சாதாரண முகம்தான்.

"வகுப்பு ஆரம்பிச்சாச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது இதழினி ஷூவோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பாவாடையின் பின்பக்கம் தூசி.

"எங்கடி போயிட்டு வந்த?"

"ஸ்கூலுக்கு. நீதானம்மா கூப்பிட்ட."

சங்கரகோமதி தூசியைத் தட்டிவிட்டாள். கணவனிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். அவன் களைத்து வந்திருந்தான். பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டான். பேர் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள். அதுகூடவா தெரியாது உங்களுக்கு என்று சிரித்தான்.

பள்ளி திறந்த நாளன்று வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஞானதிரவியம் அலுவலக அறையில் புதுப் பாடப்புத்தகக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். சங்கரகோமதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"உங்க பொண்ணு சி செக்‌ஷன் டீச்சர்" என்றார் அவர்.

"சார், நம்ம ஸ்கூல்ல ஏ, பி ரெண்டுதான."

"சி இருக்கு. பயிற்சியில தொடங்குனதுதான். நீங்கதான உங்க பொண்ணு பேரைக் கூப்பிட்டீங்க?"

"அது சும்மா பழகுறதுக்குக் கூப்பிட்டது சார்."

"பதில் வந்துச்சுல்ல?"

ஞானதிரவியம் நல்ல மனிதர். அவளுடைய பிரசவ விடுப்பில் ஒரு நாளைக்கூடக் குறைக்காதவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வராண்டாவோட கடைசி ரூம்" என்றார்.

வராண்டாவின் கடைசியில் எப்போதும் உடைந்த மேசைகள் கிடக்கும் அறைதான் இருக்கும். அன்றைக்கு அந்த அறையைத் தாண்டியும் வராண்டா போனது. தாயும் மகளும் நடந்தார்கள். கைகழுவும் குழாயைத் தாண்டினார்கள். மறுபடியும் ஒரு குழாய் வந்தது. ஒவ்வொரு குழாயும் முந்தையதைவிடப் பழையதாக இருந்தது. கடைசிக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் கைப்பிடிச் சுவர் வைத்த கிணறு இருந்தது. வாசலில் அடித்துக்கொண்டிருந்த மைக் சத்தம் பின்னால் தேய்ந்து, பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டுச் சத்தம்போல ஆனது.

"அம்மா, என் தண்ணி பாட்டில் கனக்குது."

வாங்கிப் பார்த்தாள். பாட்டில் காலியாக இருந்தது. ஆனாலும் கனத்தது.

அறையில் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சீருடை அவள் சிறுமியாக இருந்த காலத்துக்கும் முந்தைய நிறத்தில் இருந்தது. எழுந்து வணக்கம் சொன்னார்கள். முதலில் குரல் வந்தது. அப்புறம்தான் வாய்கள் அசைந்தன.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை. சடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் லேட்டு?" என்று அது இதழினியிடம் கேட்டது.

"அம்மா ஹெச்.எம். சார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க."

"பரவாயில்ல. நாங்களும் இப்பதான் வந்தோம்."

இதழினி கையை உருவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். சங்கரகோமதி பார்த்துக்கொண்டே நின்றாள். மகளின் புதுச் சீருடை ஓரங்களிலிருந்து நிறம் மாறத் தொடங்கியிருந்தது. சாயம் போவதுபோல அல்ல. வேறொரு சாயம் ஏறுவதுபோல.

"எந்திரி, வீட்டுக்குப் போலாம்."

"பெல் அடிக்கலையேம்மா."

தூக்கப் பார்த்தாள். அந்தப் பாட்டிலைப்போலவே மகளும் கனத்தாள். பெஞ்சோடு சேர்ந்து அசைந்தாளே தவிர எழவில்லை. மற்ற பிள்ளைகள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

சங்கரகோமதி வராண்டாவில் ஓடினாள். திரும்பிப் போகும்போது வராண்டா சின்னதாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் கருத்தாளரும் இருந்தார். பீரோவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், எம்பொண்ணை ஏ செக்‌ஷனுக்கு மாத்துங்க."

ஞானதிரவியம் கருத்தாளரைப் பார்த்தார். குரல் சங்கரகோமதிக்குப் பின்னாலிருந்து வந்தது.

"கூப்பிட்ட இடம் காலியா இருக்கக் கூடாது."

"நான் போய் அந்த இடத்துல உக்காந்துக்கிறேன்."

"டீச்சர் உக்கார முடியாது. நிக்கணும்."

"அந்தப் பிள்ளைங்களுக்கு டீச்சர் யாரு?"

வெளியே எஸ்தர் டீச்சர் யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லும் சத்தம் கேட்டது.

"ரொம்ப காலமா டீச்சர் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார் ஞானதிரவியம், தரையைப் பார்த்தபடி. "போஸ்டிங் போட்டா யாரும் போய்ச் சேர மாட்டேங்கிறாங்க."

"நான் போறேன்."

"டீச்சர், யோசிச்சு..."

"எம்பொண்ணு ஏ செக்‌ஷன்ல உக்காரட்டும். நான் அங்க நிக்கிறேன். அது கணக்குக்கு ஆகுமா ஆகாதா?"

கருத்தாளர் பீரோவிடம் தலையை ஆட்டினார். "ஒரே வீட்டு ஆளு. ஆகும்."

அவள் திரும்பி நடந்தபோது வராண்டா முன்னைவிட நீண்டிருந்தது. இதழினி எதிரே வந்துகொண்டிருந்தாள். கையில் பாட்டிலை ஆட்டிக்கொண்டு, லேசாக நடந்து வந்தாள். சீருடை புதுசாக இருந்தது. அம்மாவைப் பார்த்ததும், "என்னை மாத்திட்டாங்களாம்" என்றாள்.

"ஆமா. எஸ்தர் டீச்சர்கிட்ட போ. சாப்பாட்டுல முட்டையை மிச்சம் வைக்காத."

"நீ எப்ப வருவ?"

"பெல் அடிச்சதும்."

சங்கரகோமதி அந்த அறைக்குள் போனாள். காலியாக இருந்த இடத்தில் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். இடம் இருந்ததே தெரியவில்லை.

நல்ல பிள்ளைகள். அதைச் சொல்லியாக வேண்டும். அத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை. சொன்னதைச் செய்தார்கள். சொல்லாததையும் செய்தார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்ட எல்லாச் சொற்களையும் சிலேட்டில் அச்சுப்போல எழுதினார்கள். 'வீடு' என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை.

"ஏன் கண்ணு?"

"அது இன்னும் நடத்தலை டீச்சர்" என்றது சடை நனைந்த பிள்ளை.

நடத்தினாள். எழுதினார்கள். சிலேட்டைத் திருப்பிக் காட்டியபோது அந்த இடம் ஈரமாக மட்டும் இருந்தது. மறுபடி நடத்தினாள்.

ஜன்னல் வழியாகப் பள்ளி வாசல் தெரிந்தது. பாடத்தின் நடுவே அவள் நிமிர்ந்தபோது, ஆறுமுகநயினார் பைக்கோடு வாசலில் நின்றிருந்தான். இதழினி ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அவன் பள்ளியைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். ஒருமுறை ஹாரன் அடித்தான். பிறகு கிளம்பினான். சங்கரகோமதி ஜன்னலில் கையை அசைத்தாள். பீரியட் முடிந்தபாடில்லை.

அடுத்த முறை நிமிர்ந்தபோதும் அவன் நின்றிருந்தான். ஹாரன் அடிக்கவில்லை. அதற்கடுத்த முறை இதழினி தனியாக சைக்கிளில் போனாள். வாசலில் பிள்ளைகளின் சீருடை பச்சையாக இருந்தது, பிறகு மெரூனாக இருந்தது. கணவன் ஒருமுறை நரைத்த மீசையோடு வந்து, யாரையும் கூப்பிடாமல், மதில் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். அவனுக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை. யார் தைத்துக்கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் திரும்பினாள். கையில் அதே சாக்பீஸ். பாதிகூடத் தேயவில்லை.

பிறகு ஒரு பெண்மணி வகுப்பு வாசலில் வந்து நின்றாள். காட்டன் புடவை, காதோரம் நரை, தோளில் பை. சங்கரகோமதியைவிட வயதில் மூத்தவள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "டீச்சர், பயிற்சிக்கு வந்திருக்கேன். உங்க பாடத்தைப் பார்க்கச் சொன்னாங்க" என்றாள்.

"வாங்க. எந்த ஸ்கூல்?"

"இதே ஸ்கூல்தான். ஒன்னாம் வகுப்பு எடுக்கிறேன்."

"பேரு?"

"இதழினி."

பிள்ளைகள் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"நல்ல பேரு" என்றாள் சங்கரகோமதி. சாக்பீஸை மேசையில் வைத்தாள். அது உருண்டது. பிடித்து மறுபடியும் வைத்தாள். "யாரு வச்சது?"

"எங்கம்மா."

"அம்மா என்ன செய்றாங்க?"

"அவங்களும் டீச்சர்தான். ஸ்கூலுக்குப் போயிருக்காங்க. இன்னும் வரலை."

"அப்பா?"

அந்தப் பெண்மணி பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "கடைசி வரைக்கும் கதவைத் தாழ் போட விடலை. அவ வந்தா திறக்க ஆளு வேணுமேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

சங்கரகோமதி கரும்பலகையின் பக்கம் திரும்பினாள். எழுதியிருந்ததை அழிக்க ஆரம்பித்தாள். அழித்த இடத்தையே மறுபடி மறுபடி அழித்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரும் அசையவில்லை. அவ்வளவு ஒழுக்கமான பிள்ளைகள்.

திரும்பியபோது முகத்தில் சாக்பீஸ் தூள் இருந்தது. சடை நனைந்த பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். பெண்மணி மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள். அது ரொம்பவும் தாழ்வான பெஞ்சு. முழங்கால்கள் உள்ளே போகவில்லை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தடுமாறினாள்.

"காலை மடக்கிக்கோ" என்றாள் சங்கரகோமதி. "அப்படித்தான். இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு."

"வலிச்சா சொல்லணும், என்ன?"

நரைத்த தலை ஆடியது. சங்கரகோமதி பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.