மூன்றடுக்கு உறியடி

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி மைதானத்தில் அன்று நிற்க இடமில்லை. கிருஷ்ண ஜெயந்திக்கு வருஷாவருஷம் ஆண்கள்தான் ஒருவர்மேல் ஒருவர் ஏறி உறிப்பானையை உடைப்பார்கள். இந்த முறை பெண்களும் ஏறப்போகிறார்கள் என்ற செய்தி பரவி, பக்கத்துக் காலனிக்காரர்களும் பால்கனி பால்கனியாக இடம் பிடித்துவிட்டார்கள்.

சாருலதாவுக்குப் பயம் பாதி, குதூகலம் பாதி. கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவள். கல்லூரியில் மலையேறியவள் என்ற ஒரே காரணத்துக்காக அவளைத் தலைவியாக்கியிருந்தார்கள். அவள் போட்ட சட்டங்களைக் கேட்டுப் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். மோதிரம், வளையல் கூடாது. எல்லோர் தலையிலும் ஹெல்மெட். கீழே மணல் கொட்டி, அதன்மேல் மெத்தை. உச்சிக்குப் போகிறவள் இடுப்பில் கயிறு. அது கம்பத்துக் கப்பி வழியாக இறங்கி, கையுறை போட்ட மூன்று பேர் பிடியில் இருக்கும். கூட்டத்திலிருந்து யாரும் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டம் ஒன்று இருந்தது. முடியாதவர் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். ஏன் என்று கேட்காமல் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவள் வள்ளியம்மாள். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். தாத்தா காலத்திலேயே மெட்ராஸிலிருந்து வந்த குடும்பம். வேண்டாம் என்பதற்கு அவள் வாயில் வருவது எப்போதும் உள்ளூர் உருதுவின் 'நக்கோ'தான். அதையே வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு அணிக்கும் இரண்டு வாய்ப்பு. ஆண்கள் இரண்டிலும் சரிந்து மணலில் உருண்டு, சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். மழை சற்று முன்புதான் விட்டிருந்தது. தாசா மேளம் அதிர்ந்தது.

ஆறு பெண்கள் தோளோடு தோள் கோர்த்து வட்டமாக நின்றார்கள். வள்ளியம்மாள்தான் அதில் தூண். அவர்கள் தோள்மேல் மூன்று பேர் ஏறி நிமிர்ந்தார்கள். அதற்கும் மேலே பானு. ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒல்லிப் பெண். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். சாருலதா வெளியே நின்று மூச்சு, கால், கை என்று ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தாள். பானு நிமிர்ந்தாள். மைதானமே ஓவென்று எழுந்தது.

"அந்திந்தி அக்கா!" எட்டிவிட்டது என்கிறாள். அவள் விரல் நுனி பானையைத் தொட்டது.

அதே நொடியில் சாருலதா கீழே பார்த்தாள். வள்ளியம்மாளின் இடது கெண்டைக்கால் வெடவெடவென்று ஆடியது. முழங்கால் மெல்ல உள்ளே மடங்கியது. இப்போது சொல்லிவிடுவாள் என்று சாருலதா காத்தாள். வள்ளியம்மாள் பல்லைக் கடித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

"நக்கோ!" என்று சாருலதாவே கத்தினாள்.

பயிற்சியில் பழகியபடி, பானு முதலில் சறுக்கி இறங்கினாள், பிறகு மூவர். கூட்டம் ஊளையிட்டது. வள்ளியம்மாள் பாய்ந்து வந்தாள்.

"கைக்கு, ஏன் இறக்குன? நான் சொன்னேனா? இன்னும் கொஞ்சம் இருந்தா பானை நம்மளுது."

"நீங்க சொல்லலைங்க அக்கா. உங்க கால் சொல்லுச்சு."

வள்ளியம்மாள் மேலே பேச வாயெடுத்தாள். அதற்குள் கால் சுண்டி இழுத்தது. அப்படியே மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். சாருலதா மண்டியிட்டு அவள் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்தாள். கெண்டைச்சதை கல்லாக இறுகியிருந்தது.

"சொல்லணும்னுதான் நெனச்சேன்," என்றாள் வள்ளியம்மாள், குரல் தணிந்து. "வாய் வரல."

இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது, ஆனால் அவளால் இனி நிற்க முடியாது. அவள் இடத்துக்குச் சரியான உயரம் சாருலதாவுக்கு மட்டுமே இருந்தது. வெளியே நின்று குரல் கொடுப்பது யார் என்ற கேள்விக்கு யாரும் யோசிக்கவே இல்லை. பணிமனை இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை வள்ளியம்மாளுக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி வள்ளியம்மாளை உட்கார வைத்தார்கள்.

குனிந்து நின்ற சாருலதாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு ஜோடிப் பாதங்களும் ஈர மெத்தையும்தான். தோளில் ஒரு பாதம் அழுந்தியது. எலும்பு முனகியது. மேலே என்ன நடக்கிறது என்று வள்ளியம்மாளின் குரல்தான் சொன்னது. மூணு பேரும் நின்னாச்சு. பானு ஏறுறா. மூச்சு விடு, எல்லாரும் மூச்சு விடு. சாருலதாவின் தொடை எரிந்தது. நெஞ்சு மேளத்தோடு சேர்ந்து அடித்தது. இதைத்தான் வெளியே நின்று இத்தனை நாள் இழந்துகொண்டிருந்தோமா என்று தோன்றியது.

டப்பென்று ஒரு சத்தம். ஜில்லென்ற மோர் கழுத்தில் வழிந்தது. ஓட்டுச்சில்லு ஹெல்மெட்டில் தட்டி விழுந்தது. ஆரவாரத்துக்கு நடுவே யாரோ வீறிட்டார்கள்.

"யாரும் அசையாதீங்க," என்றது வள்ளியம்மாளின் குரல். "பொண்ணு வழுக்கிட்டா, கயித்துல தொங்குறா. ஒண்ணும் ஆகல, சிரிக்கிறா. கயிறு, மெதுவா விடு. ஹவ், ஆமா, அப்படித்தான்."

வெற்றி கைக்கு வந்தும் ஆறு பேரும் அசையவில்லை. மேலிருந்த மூவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள். பாரம் போன பிறகும், "இப்ப விடுங்க," என்று வள்ளியம்மாள் சொன்ன பிறகுதான் கைகள் பிரிந்தன. அப்புறம் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று தெரியவில்லை.

சாருலதா முதலில் பானுவைப் பிடித்து உட்காரவைத்து, மணிக்கட்டையும் முழங்காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. மோர் வழியும் முகத்தோடு பானு கேட்டாள், "மல்லீ செய்தாமா அக்கா?"

மறுபடியும் ஏறலாமாம். சாருலதா சிரிக்க ஆரம்பித்தவள், வெகுநேரம் நிறுத்த முடியாமல் அப்படியே மெத்தையில் சாய்ந்துவிட்டாள்.